ஒண்டுக்குடித்தனம்: ஒரு ஜோடி பிறந்த கதை

1870களில் கடலாய்வுக்குப் போன சாலஞ்சர் கப்பலின் ஆய்வறிக்கை மொத்தம் 50 தொகுதிகள். அதில் ஐந்தாம் தொகுதியில், 1882இல் அச்சான பக்கங்களில், ஓஃபியோகிரியாஸ் ஈடிபஸ் என்றொரு பாம்பு நட்சத்திரம் இருக்கிறது. முப்பத்தோராம் தொகுதியில், 1889இல் அச்சான பக்கங்களில், ஓர் ஆழ்கடல் பவளம் இருக்கிறது. அதன் இன்றைய பெயர் மெட்டலோகோர்ஜியா மெலனோட்ரிகோஸ். நடுவில் இருபத்தைந்து தொகுதிகள், ஏழு ஆண்டுகள். ஒன்றை எழுதியவர் அமெரிக்காவில் இருந்தார். மற்றதை எழுதிய இருவர் டப்ளினிலும் பெர்னிலும் இருந்தார்கள். குடியிருந்த உயிர் ஒரு புத்தகத்தில், அதன் வீடு இன்னொரு புத்தகத்தில்.

வடமேற்கு அட்லாண்டிக்கின் கடலடி மலைகளில் அந்தப் பாம்பு நட்சத்திரம் அந்தப் பவளத்தைத் தவிர வேறெதிலும் வாழ்வதில்லை. இதை ஆதாரத்தோடு எழுதிய கட்டுரை வந்தது 2009இல். பெயர் வைத்து நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகுதான், அது யாரோடு வாழ்கிறது என்பது தெரிய வந்தது. ஓர் உயிருக்குப் பெயர் பிறப்பதும், அதன் உறவு அறியப்படுவதும் இப்படி இரண்டு தனித்தனிப் பிறப்புகளாக ஏன் நடந்தன? என்னை இந்தக் கதைக்குள் இழுத்த கேள்வி அதுதான்.

முதலில் இந்த இருவரையும் பார்த்துவிடுவோம்.

பாம்பு நட்சத்திரம், நட்சத்திர மீனுக்கு ஒன்றுவிட்ட உறவு. நடுவில் சிறிய வட்டு. அதிலிருந்து ஐந்து நீண்ட கைகள். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை கைகளைப் பக்கவாட்டில் நெளித்துத் தரையில் ஊர்ந்து போகும். ஓஃபியோகிரியாஸ் சேர்ந்த பிரிவின் கைமூட்டு வேறு மாதிரி அமைந்தது. கையை மேலும் கீழும் சுருட்ட முடியும். பாம்பு கொடியைச் சுற்றுவதுபோல் ஒரு கொம்பைச் சுற்றிப் பிடிக்க முடியும். கைமேல் தடித்த தோல் போர்த்தியிருக்கும். ஓஃபியோகிரியாஸ் என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் பாம்பும் தசையும் என்று பொருள். ஈடிபஸ் என்றால் வீங்கிய பாதம் உடையவன்.

பவளம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நவமணியில் ஒன்றான செம்பவளம், மத்தியதரைக் கடலிலிருந்து வணிகர் வழி வந்து நம் வீட்டு மாலைகளில் கோக்கப்பட்டது. மெட்டலோகோர்ஜியா அதற்குத் தூரத்துச் சொந்தம்தான். இரண்டும் எட்டுக்கரப் பவளங்கள். கொம்பில் பூப்போல் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு சிற்றுயிருக்கும் இறகுபோன்ற எட்டு உணர்கொம்புகள். ஆனால் மெட்டலோகோர்ஜியாவில் மணி கோக்க ஒன்றும் இல்லை. உயரமான மெல்லிய தண்டு, அதன் உச்சியில் விரித்த குடைபோல் கிளைகள். தண்டின் உள்மையத்தில் உலோகம்போல் ஒரு பளபளப்பு. 1902இல் டச்சு அறிஞர் வெர்ஸ்லைஸ், இந்தோனேசியக் கடலில் சுற்றிய சிபோகா கப்பலின் சேகரிப்பை ஆராய்ந்தபோது, இந்த வகைக்கென்று தனிப் பேரினம் ஏற்படுத்தி உலோகத்தைப் பெயரிலேயே வைத்தார். மெலனோட்ரிகோஸ் என்ற பின்பெயர் கருங்கூந்தலைக் குறிக்கும்; அது சாலஞ்சர் காலத்திலிருந்தே உள்ளது.

அந்தச் சாலஞ்சர் பயணத்தில்தான் பிரிவு நடந்தது.

1872 டிசம்பரில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பிய கப்பல் 1876 மே மாதம் திரும்பியது. ஏறத்தாழ 70,000 கடல்மைல் ஓட்டம், 362 ஆய்வு நிலையங்கள். பயணத்தின் அறிவியல் தலைவர் வைவில் தாம்சன். கடலடியில் இருப்பதைத் தெரிந்துகொள்ள அவர்கள் கையில் இருந்த வழி ஒன்றே ஒன்று: சணல் கயிற்றில் இரும்புச் சட்டம் கட்டிய சுரண்டுவலையை, அல்லது இழுவை மடியை, ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறக்கி, தரையோடு இழுத்து, பல மணி நேரம் நீராவி எந்திரத்தால் மேலே சுற்றி எடுப்பது. மடி தட்டுப்படும் எல்லாவற்றையும் வாரும். கிளை முறியும், கை அறும். சேறும் கல்லும் உயிர்களும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே மேலே வரும். கப்பல் தளத்தில் கொட்டி, சலித்து, கழுவி, வகை பிரித்துச் சாராய ஜாடிகளில் போட்டார்கள். நட்சத்திரங்கள் ஒரு பக்கம், பவளங்கள் ஒரு பக்கம், புழுக்கள் ஒரு பக்கம்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஜாடிகள் இல்லாவிட்டால் ஆழ்கடல் உயிரியலே இல்லை. பிரித்து வைத்தால்தான் பிரித்து அனுப்ப முடியும். தாம்சன் உலகின் சிறந்த கைகளைத் தேடி மாதிரிகளை அனுப்பினார். வெளிநாட்டாருக்கு ஏன் தர வேண்டும் என்று உள்நாட்டில் எழுந்த எதிர்ப்பையும் தாங்கினார். பாம்பு நட்சத்திரங்கள் ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருந்த தியோடர் லைமனிடம் போயின. 1879இல் அவர் வெளியிட்ட முன்னறிக்கையில் ஓஃபியோகிரியாஸ் என்ற பேரினமும் ஈடிபஸ் என்ற இனமும் பிறந்தன. எட்டுக்கரப் பவளங்கள் எட்வர்டு பெர்சிவல் ரைட்டுக்கும் தியோஃபில் ஸ்டூடருக்கும் போயின.

இந்த மாதிரிப் பாம்பு நட்சத்திரங்கள் பவளக் கொம்பைப் பற்றிக்கொண்டு வரும் என்பது அக்காலத்தவருக்குத் தெரியாததல்ல. எந்த நட்சத்திரம் எந்தப் பவளத்தில் என்பதற்குத்தான் சாட்சி இல்லை. மடிக்குள் எல்லாமே எல்லாவற்றின் மேலும் கிடக்கும்.

சாலஞ்சர் கடலில் இருந்த ஆண்டுகளிலும் அதை ஒட்டியும் ஐரோப்பாவில் இரண்டு சொற்கள் உருப்பெற்றுக்கொண்டிருந்தன. பெல்ஜியத்தின் லூவன் நகரில் வான் பெனடன் என்ற விலங்கியலார், இன்னோர் உயிரின் மேல் தங்கி அதற்குத் தீங்கு செய்யாமல் வாழும் விலங்குகளுக்கு, ஒரே மேசையில் அமர்ந்து உண்பவர் என்ற பொருளில் ஒரு பெயரைப் பரப்பினார். 1875இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நம் வழக்கில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். 1878இல் ஜெர்மன் தாவரவியலார் அன்டோன் டி பாரி, லைக்கனில் பாசியும் பூஞ்சையும் சேர்ந்திருப்பதை எடுத்துக்காட்டி, வேறுபட்ட உயிர்கள் ஒன்றாக வாழ்வதற்கே ஒரு பொதுச் சொல்லைத் தந்தார். இன்று கூட்டுயிரி வாழ்வு என்று நாம் சொல்வதற்கு மூலம் அந்தச் சொல்தான். அறிவியலில் சேர்ந்து வாழ்தலுக்குப் பெயர் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், சேர்ந்து வாழ்ந்தவர்கள் தனித்தனி ஜாடிகளில் ஊறிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பிரிவினை சாலஞ்சரில் தொடங்கியதல்ல. நார்வே கடற்கரைக்கு அப்பால் குளிர்ந்த இருண்ட நீரில் பாறைபோல் வளரும் லோஃபீலியா என்ற வெண்பவளம் உண்டு. லின்னேயஸ் 1758இல் அதற்குப் பெயரிட்டார். அதன் கிளைகளுக்குள் காகிதம்போன்ற குழாய் கட்டி வாழும் யூனிஸ் நார்வேஜிகா என்ற புழுவுக்கு அவரே 1767இல் பெயரிட்டார். ஒரே கை, இரண்டு பெயர், இரண்டு இடம். புழு கட்டும் குழாயின்மேல் பவளம் தன் சுண்ணாம்பைப் பூசி மூடுகிறது என்பதும், புழு முறிந்த பவளத் துண்டுகளை இழுத்து ஒன்று சேர்க்கிறது என்பதும் மீன்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகு தெளிவாயின. 2013இல் வெளியான சோதனையில், புழு உடனிருந்தபோது பவளம் சுண்ணாம்பு கட்டும் வேகம் நான்கு மடங்கு வரை கூடியது. புழுவுக்கும் உணவு கூடுதலாகக் கிடைத்தது. பவளத்தின் விவரணையில் புழுவுக்கு இடமில்லை. ஆனால் பவளத்தின் திட்டு எப்படி வளர்கிறது என்பதில் புழுவுக்குப் பெரிய இடம் இருக்கிறது.

அடையாளம் காணும் வேலை எப்படி நடக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எட்டுக்கரப் பவளத்தின் சதைக்குள் கண்ணுக்கு எட்டாத சுண்ணாம்புத் துணுக்குகள் பொதிந்திருக்கும். சின்னக் கிளையைக் கிள்ளி, துணி வெளுக்கும் திரவத்தில் போட்டால் சதை கரைந்து துணுக்குகள் மட்டும் மிஞ்சும். செதிலா, கோலா, முள் முளைத்த கதிரா என்று நுண்ணோக்கியில் பார்த்து இனம் சொல்வார்கள். பாம்பு நட்சத்திரத்துக்குக் கைத்தட்டுகளும் மூட்டுகளும் அடையாளம். செதில்புழுவுக்கு முதுகில் உள்ள செதில்களும் பக்கவாட்டு முட்களும். இன்று மரபணுவும் பார்க்கிறார்கள். எட்டுக்கரப் பவளங்களின் மைட்டோகாண்ட்ரியாவில் வேறெந்த விலங்கிடமும் இல்லாத ஒரு மரபணு உண்டு. அதைப் படித்தால் குடும்பம், பேரினம் எல்லாம் நன்றாகப் பிடிபடும். ஆனால் அது மிக மெதுவாக மாறும் மரபணு. நெருங்கிய இரண்டு இனங்கள் அதில் ஒன்றுபோலவே தெரியலாம். மறுபடி துணுக்குகளுக்கே திரும்ப வேண்டிவரும்.

துணுக்குகளே குடித்தனக்காரரால் மாறிப்போகும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேண்டிடெல்லா இம்ப்ரிகேட்டா என்றொரு பவளம். மடெய்ரா தீவில் குடியேறி வாழ்ந்த ஜேம்ஸ் யேட் ஜான்சன் 1862இல் அதை விவரித்தார். அதன் தண்டோடு ஒட்டி ஒரு செதில்புழு வாழ்கிறது. அதை பியர் ஃபோவெல் 1913இல் விவரித்தார். 1991இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் மரியன் பெட்டிபோன், பவளங்களில் வாழும் இத்தகைய புழுக்களுக்கென கோர்கோனியாபொலினோ என்ற புதுப் பேரினத்தை நிறுவினார். கோர்கோனிய வகைப் பவளத்தில் இருக்கும் பொலினோ என்று பொருள்படும் பெயர். முகவரியைப் பெயருக்குள்ளேயே எழுதிவிட்டார். அந்தச் செயலை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடும் குடியிருப்பவரும் ஒரே சொல்லில் வந்துவிட்டார்கள்.

இந்தப் புழு பவளத்தைக் கடித்துத் துளைக்கவில்லை. புழு தங்கும் இடத்தில் பவளத்தின் செதில்துணுக்குகள் அகன்று வளைந்து கூரைபோல் கூடி, தண்டோடு ஒரு சுரங்க அறையை ஆக்கிவிடுகின்றன. குடிவந்தவருக்காக வீடே சுவரை நீட்டிக் கொடுக்கிறது. இதை அறியாத ஒருவர் அந்த அகன்ற துணுக்கை மட்டும் பார்த்தால் வேறோர் இனத்துப் பவளம் என்று முடிவு கட்டிவிடக்கூடும். ஆகவே புழுவைத் தெரியாமல் பவளத்தையும் சரியாகத் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னும் உள்ளே வாழ்பவர்களும் உண்டு. பாராகோர்ஜியா ஆர்போரியா மரம்போல் வளரும் பெரிய பவளம்; அதற்கும் 1758இல் லின்னேயஸே பெயர் வைத்தார். அதன் சதையில் சில இடங்களில் கட்டிபோல் புடைத்திருக்கும். அந்தக் கட்டிக்குள் உருமாறிப் போன ஒரு கோபிபோட், நண்டு இறால்களின் மிகச் சிறிய உறவு, ஒட்டுண்ணியாக வாழ்கிறது. கனடாவுக்கு அப்பாலிருந்த மாதிரிகளை ஆராய்ந்து, லெனே பூல்-மோர்டென்சனும் பால் மோர்டென்சனும் அதற்கு கோர்கோனோஃபிலஸ் கனடென்சிஸ் என்று பெயரிட்டது 2004இல். மரத்துக்குப் பெயர் வந்து 246 ஆண்டுகள் கழித்து மரத்துக்குள் இருந்தவருக்குப் பெயர் வந்தது. அதே ஆண்டு அவர்கள் ஆழ்கடல் பவளங்களோடு இணைந்து வாழும் உயிர்களைப் பற்றி அதுவரை வந்த குறிப்புகளைத் திரட்டி எழுதினார்கள். கூட்டுயிரிகள் எனத்தக்கவை நூறு இனங்களுக்கு மேல் தேறின. அந்தப் பவளம் இல்லாவிட்டால் வாழவே முடியாதவை அதில் ஒரு பகுதிதான். அப்படிப்பட்டவை தாம் வாழும் பவளத்தைவிட அரிதானவை என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். நம் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகள்போல, ஒரு தண்டில் புழு, கிளையில் நட்சத்திரம், சதைக்குள் ஒட்டுண்ணி, பட்டுப்போன அடித்தண்டில் வேறு பலர். எல்லோரும் ஒரே முற்றத்தில் இருந்தாலும் எல்லோருக்கும் அந்த வீட்டோடு ஒரே உறவு இல்லை. சிலர் வேறு வீட்டுக்கும் மாறிப் போவார்கள். சிலருக்கு வேறு வீடு கிடையாது. இதைப் பிரித்துச் சொல்வதுதான் இங்கே வகைப்பாட்டின் கடினமான பாதி, செதில் எண்ணுவதைவிடக் கடினம். அதற்கு உயிர்களை அவை இருக்கும் இடத்திலேயே பார்த்தாக வேண்டும்.

பார்க்க வழி பிறந்தது இப்படித்தான். அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் அணைந்துபோன எரிமலைகள் வரிசையாகக் கடலுக்கடியில் நிற்கின்றன. நியூ இங்கிலாந்து கடல்மலைகள் என்று பெயர். அவற்றுக்குக் கிழக்கே தள்ளி கார்னர் ரைஸ் கடல்மலைகள். 2003இல் ஆல்வின் நீர்மூழ்கியில் மனிதர்களே இறங்கிப் பார்த்தார்கள். 2004இலும் 2005இலும் ரொனால்ட் ஹெச். பிரவுன் கப்பலிலிருந்து ஹெர்குலிஸ் என்ற ரோபோவை வடத்தில் கட்டி இறக்கினார்கள். ஆர்கஸ் என்ற துணைக்கலம் மேலிருந்து வெளிச்சம் காட்டியது. ஹெர்குலிஸிடம் உயர்தரக் கேமராவும், ஒரு கிளையை மட்டும் பிடித்து எடுத்துப் பெட்டிக்குள் வைக்கும் இயந்திரக் கைகளும் இருந்தன. மடி வாரிக்கொண்டு போகும் இடத்தில், இந்தக் கை நின்று எடுத்தது. பவளமும் அதன்மேல் இருந்தவையும் சேர்ந்தே மேலே வந்தன. எடுப்பதற்கு முன்பே படம் இருந்தது. எந்த மலை, எந்த ஆழம், எந்தக் கொம்பில் யார் என்பதற்கு நேர்ச்சாட்சி கிடைத்தது.

2005 பயணத்தில் கேமரா வேறொன்றையும் காட்டியது. கார்னர் ரைஸ் மலைகளில் 1976 முதல் சோவியத் கப்பல்கள் இழுவை மடி போட்டு மீன் பிடித்திருந்தன. கூக்கெந்தால், யாகுடாட் என்ற இரண்டு உச்சிகளில் பாறைமேல் மடியின் தடங்கள் உழுத கோடுகளாகக் கிடந்தன. கூக்கெந்தால் என்பது எட்டுக்கரப் பவளங்களை வகைப்படுத்துவதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஜெர்மன் விலங்கியலாரின் பெயர். அந்தப் பெயர் கொண்ட உச்சியில் மடி கடந்து போன பாறைகளில் எந்தக் கொம்பில் யார் குடியிருந்தார் என்பதை இனி எந்த ரோபோவும் சொல்ல முடியாது. அதை எழுதும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 1870களில் மடி நமக்கு இந்த உயிர்களைத் தந்தது. நூறாண்டு கழித்து அதே மடி, பன்மடங்கு பெரிதாகி, அவை நின்ற இடத்தையே துடைத்துக்கொண்டு போயிருக்கிறது.

ஆய்வாளர்கள் செலஸ்ட் மோஷரும் லெஸ் வாட்லிங்கும் இந்த மலைகளில் 1,300 மீட்டருக்கும் 2,200 மீட்டருக்கும் இடைப்பட்ட ஆழத்திலிருந்து வந்த மெட்டலோகோர்ஜியாக்களை எடுத்துக்கொண்டார்கள். ஓஃபியோகிரியாஸ் ஈடிபஸ் மீண்டும் மீண்டும் அந்த ஒரே பவளத்தில்தான் இருந்தது. பக்கத்தில் வேறு பவளங்கள் நின்றாலும் அவற்றில் இல்லை. ஆனால் இது எப்போது தொடங்குகிறது? வயதுவந்த நட்சத்திரம் தேடி வந்து ஏறிக்கொள்கிறதா, சிறுவயதிலேயே குடிவருகிறதா? இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பவளத்தின் அருகே ஆண்டுக்கணக்கில் காவலிருந்து பார்க்க முடியாது. ஆகவே அவர்கள் படங்களையும் மாதிரிகளையும் அளவு வாரியாக ஒப்பிட்டார்கள். நட்சத்திரங்கள் பின்னால் குடிவருபவையாக இருந்தால் பெரிய பவளத்தில் குட்டி நட்சத்திரம் அடிக்கடி காணப்பட வேண்டும். கண்டது வேறு. குட்டிப் பவளத்தில் குட்டி நட்சத்திரம், நடுத்தரத்தில் நடுத்தரம், முதிர்ந்ததில் முதிர்ந்தது. நட்சத்திரக் குஞ்சு நேராக இளம் பவளத்தின் மேலேயே இறங்குகிறது, இரண்டும் சேர்ந்தே வளர்ந்து சேர்ந்தே மூப்படைகின்றன என்பது அவர்கள் வந்தடைந்த கருத்து. ஆயுள் துணை என்று பொருள்படும் தலைப்பில் 2009இல் கட்டுரை வெளியானது. லைமனின் ஈடிபஸும் ரைட், ஸ்டூடரின் கருங்கூந்தலும் ஒரே தலைப்பின் கீழ் வந்து சேர்ந்தார்கள்.

பவளத்துக்கு இதனால் கெடுதல் தெரியவில்லை. நட்சத்திரத்துக்கோ உயரம் கிடைக்கிறது. தரையோரத்தில் நீரோட்டம் மந்தம். மேலே போகப்போக வேகம் கூடும், உணவுத் துணுக்குகளும் கூடவே வரும். தானாக நீந்திப் பிடிக்க முடியாத ஓர் உயிரை இன்னோர் உயிர் நீரோட்டத்துக்குள் தூக்கிப் பிடிக்கிறது.

இளம் மெட்டலோகோர்ஜியா குடைபோல் இருப்பதில்லை. புட்டி கழுவும் தூரிகைபோல் தண்டின் அடியிலிருந்தே சுற்றிலும் கிளைவிட்டிருக்கும். அந்தக் கிளைகளுக்குள் எங்கோ ஓரிடத்தில், நூல்போன்ற ஐந்து கைகளால் தண்டைச் சுற்றிக்கொண்டு குட்டி நட்சத்திரம் இருக்கும். தண்டு உயர உயரக் கீழ்க்கிளைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. அடியில் வெறும் பளபளக்கும் கம்பம் மிஞ்சுகிறது. உச்சியில் கிளைகள் விரிந்து குடையாகின்றன. அதற்குள் நட்சத்திரமும் பெரிதாகியிருக்கும். வெளிச்சம் எட்டாத அந்த ஆழத்தில் ரோபோவின் விளக்கு பட்டபோது, குடையின் கிளைகளுக்குள் கைகளைச் செருகிக்கொண்டு அது அங்கேதான் இருந்தது.